தோலும் தாளமும்

வேலூரிலிருந்து பாலாற்றை ஒட்டி மேற்கு நோக்கிச் செல்வோர் பள்ளிகொண்டா, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வர். வேலூருக்குக் கிழக்கே மேல்விஷாரமும் இராணிப்பேட்டையும் உள்ளன. ஆம்பூருக்கு வடக்கே பேரணாம்பட்டு உள்ளது. முன்னாளில் இவை யாவும் வட ஆர்க்காடு மாவட்டத்தைச் சார்ந்திருந்தன. 2019ஆம் ஆண்டு முதல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்னும் மூன்று மாவட்டங்களில் அவை அடங்கியுள்ளன. மாவட்டம் பிரிந்தாலும் தொழில் பிரியவில்லை. தோல் பதனிடுதலும் காலணி செய்தலும் இவ்வூர்களை இன்றும் ஒரு நூலில் கோத்த மணிகளைப் போல இணைத்து நிற்கின்றன.

இவ்வூர்களுள் ஒன்றாகிய ஆம்பூரில் ஒரு மாணவன் வாழ்வதாகக் கொள்வோம். அவனுடைய தந்தையார் தோல் பதனிடும் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்கிறார். வைகாசி முதல் நாளன்று அவன் குடியாத்தத்திற்குச் சென்று, கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைக் காண்கிறான். மக்கள் வெள்ளத்தின் நடுவே பம்பையின் முழக்கம் எழுகிறது. ஒன்று மரத்தாலும் மற்றொன்று பித்தளையாலும் ஆகிய இரு சிறு முழவுகளை ஒன்றாகக் கட்டி, இடையில் தாங்கி, குச்சிகொண்டு முழக்கும் கருவியே பம்பை. அவ்வோசை அவனுடைய காதில் விழுந்தது, கால் வழியாக ஏறியது, நெஞ்சில் தங்கிவிட்டது. வீடு திரும்பிய பின்னரும் அவன் விரல்கள் ஓயவில்லை. பலகையைத் தட்டினான், குடத்தைத் தட்டினான். “சோறு வடிக்கும் பாத்திரத்தையாவது விட்டுவை, அப்பா” என்று அன்னையார் கடிந்துகொள்ளும் அளவிற்குத் தட்டினான்.

அவனுக்குத் தாளம் கற்பிக்க அருகில் ஆசிரியர் ஒருவரும் இல்லை. கருவி வாங்கப் பொருளும் இல்லை. தானே கற்றுக்கொள்ள இயலுமா? மாணவர்களே, இவ்வினா அவனுடையது மட்டுமன்று. கலையொன்றில் ஆசை பிறந்து, வழி தெரியாது நிற்பவர் அனைவருடைய வினாவும் இதுவே.

முதலில் அவன் தானே ஒரு முழவு செய்ய முயன்றான். மண்சட்டி ஒன்றை எடுத்து, காலணிக்காக வெட்டியபின் எஞ்சிய மெல்லிய தோலை அதன் வாயில் இழுத்துக் கட்டினான். ஆவலோடு தட்டினான். ‘தப்’ என்று ஒரு மந்த ஓசை எழுந்து உடனே அடங்கிற்று. இன்னும் இறுக்கினான், பயனில்லை. மாலையில் வீடு வந்த தந்தையார் அதனைக் கண்டு புன்னகை செய்தார்.

“தம்பி, நீ கட்டியிருப்பது பதனிட்ட தோல். காலுக்கு இதமாக இருக்க வேண்டும் என்றே அதனை நாங்கள் பக்குவம் செய்கிறோம். வளைத்தால் வளைய வேண்டும். இழுத்தால் சற்றே நெகிழ வேண்டும். அடியை வாங்கித் தன்னுள் அடக்கிக்கொள்வது அதன் இயல்பு. முழவுக்கு வேண்டிய தோல் வேறு. அதனைப் பதனிடுவதில்லை” என்றார் அவர்.

தந்தையார் கூறியது முற்றும் உண்மை. பச்சைத்தோல் ஈரமாகவே இருந்தால் அழுகும், உலர்ந்தால் விறைத்துவிடும். அதனைத் தடுக்கவே முற்காலத்தில் ஆவாரம்பட்டையின் துவர்ப்புச் சாற்றில் தோலை ஊறவைத்தனர்; இக்காலத்தில் பெரும்பாலும் குரோமிய உப்பைப் பயன்படுத்துகின்றனர். அவ்வாறு பதனிட்ட தோல் அழுகுவதில்லை, விறைப்பதும் இல்லை. ஆனால் காலணிக்குக் குற்றமாகும் அவ்விறைப்பே முழவுக்குக் குணமாகிறது. முழவு செய்வோர் தோலை நீரில் ஊறவைத்து, மயிர் களைந்து, ஈரத்தோடு சட்டத்தின்மீது இழுத்துப் பொருத்துவர். உலர உலர அது தானே சுருங்கி இறுகும். இறுகிய தோலைத் தட்டினால் அது அதிரும்; அவ்வதிர்வு காற்றில் பரவி ஓசையாகும். ஒரே விலங்கின் தோல், ஒரு கையில் பட்டால் காலணியாகிறது. மற்றொரு கையில் பட்டால் குரலாகிறது.

இவ்வறிவு தமிழர்க்குப் புதியதன்று. தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் ஒன்றாக வைத்து எண்ணுகிறது. தெய்வம், உணவு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையும் ஒரு நிலத்தின் அடையாளமாயிற்று. ஒன்றோடொன்று பொருது வென்ற ஏற்றின் தோலை, மயிரும் சீவாது முரசுக்குப் போர்த்த செய்தியைப் புறநானூறு கூறுகிறது. சிலப்பதிகாரத்திற்கு உரை வகுத்த அடியார்க்குநல்லார் பேரிகை, படகம், இடக்கை, உடுக்கை, மத்தளம், கரடிகை, திமிலை, குடமுழா, தக்கை, தண்ணுமை, தடாரி எனத் தோற்கருவிகளை நிரல்படுத்திக் கூறுகிறார். அவற்றுள் மத்தளத்தை ஏனைய கருவிகளுக்கெல்லாம் தளம் என்று அவர் போற்றுகிறார்.

முன்னோர் கையறிவால் கண்டதைப் பிற்காலத்தில் அறிவியலும் ஆராய்ந்தது. சாதாரண வட்டத்தோலைத் தட்டினால் எழும் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று இசைவதில்லை. ஆகவே அது வெறும் கொட்டாக ஒலிக்கிறது. மிருதங்கமோ ஒரு சுருதியில் நின்று இனிமையாகப் பேசுகிறது. காரணம் யாது? அதன் வலந்தலையின் நடுவே கரிய வட்டம் ஒன்று இருப்பதைக் கண்டிருப்பீர்கள். கற்பொடியையும் சோற்றையும் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பலமுறை தேய்த்து, அதனை அமைக்கின்றனர். நடுவில் ஏறிய அவ்வெடையே தோலின் அதிர்வுகளை ஒழுங்குபடுத்தி இசையாக்குகிறது. இவ்வுண்மையைச் சர் சி. வி. இராமன் 1920ஆம் ஆண்டிலும் 1934ஆம் ஆண்டிலும் வெளியிட்ட கட்டுரைகளில் விளக்கினார்.

இனி, நம் மாணவன் எவ்வாறு கற்கத் தொடங்குவது என்று பார்ப்போம்.

தாளம் கற்க முதலில் வேண்டுவது கருவியன்று, வாயும் கையுமே. நம் நாட்டு முழவுக் கலையின் தனிச்சிறப்பு இது. கருவியில் ஒலிப்பதை எல்லாம் முதலில் வாயால் சொல்லுவர். அதனைச் சொற்கட்டு என்பர். ‘தகிட’ என்பது மூன்று எழுத்து. ‘தகதிமி’ என்பது நான்கு. ‘தகதகிட’ என்பது ஐந்து. ‘தகிடதகதிமி’ என்பது ஏழு. வாயால் தடுமாறுவதைக் கையால் திருத்த இயலாது. வாயில் ஒழுங்காக வருவது கையில் ஒரு நாள் வந்தே தீரும்.

அடுத்து ஆதிதாளத்தைக் கையில் போடக் கற்க வேண்டும். தொடையில் ஒரு தட்டு. பின்னர்ச் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என மூன்று எண்ணிக்கை. அதன்பின் ஒரு தட்டும் ஒரு வீச்சும். மீண்டும் ஒரு தட்டும் ஒரு வீச்சும். இவை எட்டும் சேர்ந்து ஒரு சுற்று. ஒவ்வோர் எண்ணிக்கைக்கும் ஓர் எழுத்தாகத் ‘தகதிமி தகஜொணு’ என்று சொன்னால் அது முதற்காலம். எண்ணிக்கைக்கு இரண்டெழுத்தாகச் சொன்னால் இரண்டாம் காலம். நான்கெழுத்தாகச் சொன்னால் மூன்றாம் காலம். கையின் வேகம் மாறாது. சொல்லின் வேகமே இரட்டிக்கும். மூன்றாம் காலத்தில் ஒரு சுற்றுக்குள் அச்சொற்கட்டு நான்கு முறை அடங்கும்.

இங்கே ஒரு கணக்கும் உண்டு. எட்டு எண்ணிக்கை கொண்ட தாளத்தில் மூன்றெழுத்துச் சொல்லாகிய ‘தகிட’வை முதற்காலத்தில் சொல்லிப் பாருங்கள். முதற்சுற்றின் முடிவில் அது தாளத்தோடு பொருந்தாது. இரண்டாம் சுற்றின் முடிவிலும் பொருந்தாது. எட்டு முறை சொன்னால் இருபத்து நான்கு எழுத்து; இருபத்து நான்கு எண்ணிக்கை என்பது மூன்று சுற்று. மூன்றாம் சுற்று முடியும்போது இரண்டும் ஒருங்கே வந்து சேரும். பிரிந்து சென்றவை மீண்டும் சந்திக்கும் அவ்விடத்தில் பிறக்கும் மகிழ்ச்சியே தாளக் கலையின் உயிர்.

தனியே கற்பவனுக்கு நேரும் பெரிய இடர் ஒன்று உண்டு. தான் விரைந்து செல்வதைத் தானே அறியமாட்டான். எளிய இடம் வந்தால் ஓடுவான். கடினமான இடம் வந்தால் தயங்குவான். இதனைக் கண்டிக்க ஆசிரியர் அருகில் இல்லாதபோது யார் கண்டிப்பது? ஒரு கல்லும் ஒரு நூலும் போதும். ஆணியிலிருந்து கல்லின் நடுப்பகுதி வரை ஒரு மீட்டர் நீளம் இருக்குமாறு கல்லைத் தொங்கவிட்டுச் சிறிதளவே ஆட்டுங்கள். ஒரு புறத்திலிருந்து மறுபுறம் செல்ல அது ஏறத்தாழ ஒரு வினாடி எடுத்துக்கொள்ளும். ஆட்டம் சிறுகச் சிறுகக் குறைந்தாலும் காலம் மாறுவதில்லை. நூலின் நீளத்தை 25 சென்டிமீட்டராகக் குறைத்தால் அக்காலம் அரை வினாடியாகும். முதல் நூல் முதற்காலத்தைக் காட்டும். இரண்டாம் நூல் இரண்டாம் காலத்தின் எழுத்துகளைக் காட்டும். பள்ளியில் ஊசல் பற்றிக் கற்ற பாடம் இங்கே தாள ஆசிரியராக வந்து நிற்கிறது. முகமன் கூறாத ஆசிரியர் அது; சினமும் கொள்ளாது.

வாய்க்கும் கைக்கும் ஒழுங்கு வந்தபின் குச்சியை எடுக்கலாம். அப்போதும் முழவு உடனே வேண்டுவதில்லை. நம் மாணவன் முன்பு மண்சட்டியில் கட்டி ஏமாந்தான் அல்லனோ? அந்த ஏமாற்றமே இப்போது அவனுக்கு உதவியது. காலணியின் அடிப்பகுதிக்காக வெட்டி எஞ்சிய தடித்த தோல் துண்டு ஒன்றைப் பலகையின்மீது ஆணியால் பொருத்தினான். ஓசையை அடக்கும் அதன் இயல்பால் அடுத்த வீட்டாருக்குத் தொல்லை இல்லை. அன்னையாரின் பாத்திரங்களும் தப்பின. முழவாக மாட்டாத தோல், பயிற்சிப் பலகையாக அமைந்துவிட்டது.

குச்சியை இறுகப் பற்றலாகாது. பறவைக் குஞ்சொன்றைக் கையில் ஏந்துவது போல, நழுவாமலும் நசுங்காமலும் பிடிக்க வேண்டும். தோளால் அடிக்காமல் மணிக்கட்டால் அடிக்க வேண்டும். அடித்த குச்சி தானே எழும்ப இடம் கொடுக்க வேண்டும். வலக்கை ஒன்று, இடக்கை ஒன்று என மாறி மாறி அடித்து, இரண்டின் ஓசையும் ஒன்றாகக் கேட்கும்வரை பழக வேண்டும். பலருக்கு இடக்கை பின்தங்கும். ஆகையால் அதற்குச் சிறிது மிகுதியான பயிற்சி தருதல் வேண்டும். நாளும் கால் மணி நேரம் பழகுவது, வாரம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் அடித்துக் கை நோவதினும் நன்று. கை வலித்தால் நிறுத்துக. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்னும் பழமொழி வன்மையைப் புகழ்வதன்று, இடைவிடாமையைப் புகழ்வது.

இயல்பாகவே இடக்கைப் பழக்கம் உடையவர் மனந்தளர வேண்டுவதில்லை. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையாளரே. 1908 முதல் 1962 வரை வாழ்ந்த அவர், ஏனையோர் வலக்கையால் வாசிக்கும் வலந்தலையைத் தம் இடக்கையால் வாசித்தார். அதனால் மேடையில் அமரும் முறையையே மாற்ற வேண்டியிருந்தது. அவருடைய கை மாறவில்லை, மேடைதான் மாறிற்று.

எந்தக் கருவியைத் தேர்வது? பறை எளிய உறுப்புகளால் ஆனது. வேம்பு முதலிய மரத்தால் செய்த வட்டச் சட்டத்தின்மீது புளியங்கொட்டைப் பசையால் தோலை ஒட்டுவர். ஒரு கையில் தடித்துக் குறுகிய அடிக்குச்சி. மற்றொரு கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. வலக்கை அடி, இடக்கை அடி, இரண்டும் சேர்ந்த அடி ஆகியவற்றை நன்கு பழகினால் ஒத்தையடி போன்ற தொடக்க அடிகளைக் கேட்டுக் கேட்டே கற்கலாம். ஈரக்காற்றில் தோல் தளர்ந்தால், வைக்கோல் தீயின் வெம்மையில் சற்றே காட்டி இறுகச் செய்வர். கஞ்சிராவோ ஒரு கையில் தாங்கி மறு கையால் வாசிக்கும் சிறு கருவி. பஜனைகளில் தட்டிய எளிய கருவியைக் கச்சேரி மேடைக்கு உரியதாக ஆக்கியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கருவி சிறிதாயினும் கலை பெரிதாகலாம் என்பதற்கு அவரே சான்று.

மேனாட்டு டிரம்ஸ் தொகுதியை விரும்புவோரும் உளர். காலால் மிதித்து அடிக்கும் பெருமுழவையும் கையால் அடிக்கும் சிறு முழவுகளையும் உலோகத் தட்டங்களையும் ஒருவரே வாசிக்குமாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் அது உருப்பெற்றது. 1950களின் பிற்பகுதியிலிருந்து அதில் விலங்குத் தோலுக்குப் பதிலாக நெகிழி ஏடு பரவியது. கருவி வேறாயினும் தொடக்கப் பயிற்சி ஒன்றே: சீரான அடி, தளர்ந்த மணிக்கட்டு, மாறாத காலம். மூடிய அறையில் நெடுநேரம் உரக்க முழக்கினால் செவிக்குக் கேடு விளையும் என்பதையும் மறத்தல் ஆகாது.

இவ்வளவும் தனியே கற்கக் கூடியவை. தனியே கற்க இயலாதவையும் உண்டு. மிருதங்கத்தில் ‘த, தி, தொம், நம்’ என்னும் நான்கு சொற்களை எவ்விரலால், எவ்விடத்தில், எவ்வாறு எழுப்புவது என்பதை நூல் சொல்லும். அது சரியாக வந்ததா என்பதை நூல் சொல்லாது. தவறாகப் பழகிய விரலைத் திருத்துவது, புதிதாகப் பழக்குவதினும் கடினம். ஆகவே, திருவிழாவில் பம்பையோ பறையோ தவிலோ முழக்கும் கலைஞரை அணுகி, வணக்கத்தோடு கேட்டுத் தெளிதல் வேண்டும். தம் வாசிப்பைக் கைப்பேசியில் பதிவு செய்து மறுநாள் கேட்பதும் நன்று. அடிக்கும்போது கேளாத பிழை, அமைதியாக அமர்ந்து கேட்கும்போது தெளிவாகக் கேட்கும். தானே கற்றல் என்பது எவரையும் கேளாமல் கற்றல் அன்று. எவரும் ஏவாமலே கற்றல் ஆகும்.

நம் மாணவன் இவ்வாறு பழகி வருகையில், வகுப்பில் ஒருவன் நகைத்தான்: “பறையா கற்கிறாய்? அது கற்கத்தக்க கலையோ?”

இந்நகைப்பின் பின்னே ஒரு நெடிய அநீதி ஒளிந்துள்ளது. தோலைத் தொடுவோரையும் பறையை முழக்குவோரையும் தாழ்ந்தோர் என்று ஒதுக்கிய காலம் ஒன்று இருந்தது. தெய்வத்தின் முன் முழவு வேண்டும்; முழவு செய்தவர் மட்டும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்றனர். காலுக்குக் காலணி வேண்டும். அதனைச் செய்த கை மட்டும் ஆகாது என்றனர். மேடையில் மிருதங்கம் வாசித்தவரின் பெயரை உலகம் அறிந்தது. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் எருமைத்தோல் வாரும் தேர்ந்து அம்மிருதங்கத்தைச் செய்தவரின் பெயரை அறிந்தவர் சிலரே. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் போற்றியவர் பலர். அவருக்கு மிருதங்கம் செய்து தந்த பர்லாந்து என்பவரை நினைத்தவர் எத்தனை பேர்? 2020ஆம் ஆண்டில் பாடகர் டி. எம். கிருஷ்ணா, மிருதங்கம் செய்வோரின் வரலாற்றைத் தனி நூலாகவே எழுதி வெளியிட்டார்.

1950ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பு, தனது 17ஆம் பிரிவால் தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததை உள்ளமும் ஒழிக்க வேண்டும். 2025ஆம் ஆண்டில் மதுரையைச் சேர்ந்த பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. இன்று பறையைக் கல்லூரி மாணவரும் மாணவியரும் விரும்பிக் கற்கின்றனர். நகைத்தவனுக்கு நம் மாணவன் சினந்து விடை கூறவில்லை. பயிற்சிப் பலகையை அவன்முன் வைத்து, இரு குச்சிகளையும் அவன் கையில் கொடுத்து, “எட்டு எண்ணிக்கை, ஓட்டமும் தயக்கமும் இல்லாமல் அடித்துக் காட்டு” என்றான். ஐந்தாம் எண்ணிக்கையில் அவன் கை ஓடிவிட்டது. மறுநாள் அவனும் பழக வந்து அமர்ந்தான்.

மாணவர்களே! தாளம் கற்பவன் முதலில் தன் கையை அறிகிறான். பின்னர்த் தன் பொறுமையை அறிகிறான். இறுதியில் தன் கைக்கு எட்டிய கருவியின் பின்னே எத்தனை பேருடைய கைகள் உழைத்தன என்பதையும் அறிகிறான். தோலை உரித்த கை, ஊறவைத்த கை, இழுத்துக் கட்டிய கை ஆகிய அனைத்தும் ஓய்ந்த பின்னரே வாசிப்பவனின் கை தொடங்குகிறது. ஆகையால் முழவின் முன் அமரும்போதெல்லாம் அதனைத் தொட்டு வணங்கும் வழக்கத்தைக் கைவிடாதீர்கள். அவ்வணக்கம் கருவிக்கு மட்டும் உரியதன்று. அதனைச் செய்தோருக்கும் உரியது.

பயிற்சி

1. காலணித் தோலும் முழவுத் தோலும் எவ்வாறு வேறுபடுகின்றன?
2. ‘தகிட’ என்னும் சொற்கட்டு ஆதிதாளத்தோடு எத்தனை சுற்றில் வந்து பொருந்தும்? கணக்கிட்டு விளக்குக.
3. ஊசல் தாளம் கற்பவனுக்கு எவ்வாறு ஆசிரியராகிறது?
4. “தானே கற்றல் என்பது எவரையும் கேளாமல் கற்றல் அன்று” – இக்கூற்றை விரித்து எழுதுக.
5. உங்கள் ஊரில் முழங்கும் தோற்கருவி ஒன்றைக் கண்டு, அதனைச் செய்தவரிடம் கேட்டறிந்து, ஒரு கட்டுரை வரைக.